முன்பணமும் சிறையும்

1859இல் கல்கத்தா வர்த்தகர்கள் அரசிடம் மனுப் போட்டு ஒரு சட்டத்தைப் பெற்றார்கள். அந்த ஆண்டின் 13ஆம் சட்டமான அது, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தியக் கூலிகளை அச்சத்தில் வைத்திருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி, தகுந்த காரணமில்லாமல் வேலைக்கு வராவிட்டாலோ பாதியில் விட்டுப் போனாலோ முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடி என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். இரண்டும் நடக்கவில்லை என்றால் மூன்று மாதம் வரை கடுங்காவல். தொழிலாளர்கள் மோசடியாக ஒப்பந்தத்தை மீறுவதால் வியாபாரிகளுக்கு நட்டம் வருகிறது என்று சட்டத்தின் முகப்புரை குறைப்பட்டுக்கொண்டது. ஆனால் உள்ளே இருந்த பிரிவுகள் மோசடியை நிரூபிக்கச் சொல்லவில்லை. பணம் வாங்கினான், வேலைக்கு வரவில்லை என்று காட்டினால் போதும். வியாபாரத் தகராறு எந்தக் கட்டத்தில் போலீஸ் விசாரிக்க வேண்டிய குற்றமாகிறது என்று இன்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடுகிறார்கள். இதைப் புதுக் கேள்வியாக எண்ணுவது தவறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒருகாலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை நடைமுறையிலேயே இருந்தது. அந்த விடை ஏன் தவறாயிற்று என்று பார்த்தால் சரியான விடை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

தென்காசி, குற்றாலம், வடகரை, பண்பொழி, செங்கோட்டை என்று மலையடியில் வரிசையாக நிற்கும் ஊர்களுக்குப் பின்னால் ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கொல்லம் பக்கம் போக இயற்கை விட்ட வாசல் அது. புளியரையிலிருந்து ஏறினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். நெல், மிளகு, மரம், மாடு எல்லாம் இந்த வழியில்தான் போய் வந்தன. மலைச்சரிவில் காப்பியும் பிறகு தேயிலையும் ரப்பரும் பரவியபோது மனிதர்களும் இதே வழியில் வேலைக்குப் போனார்கள். 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில்பாதை திறந்ததும் போக்குவரத்து பெருகியது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. துரையிடம் மொத்தமாக முன்பணம் வாங்கி வந்து, மழை பொய்த்த கிராமங்களில் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுப்பார். பழைய கடனை அடைக்க, கல்யாணச் செலவுக்கு, மலை ஏறும் வரை அடுப்பெரிய என்று அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் கரைந்துவிடும். அதன் பிறகு கூலியில் பிடித்தம் தொடங்கும். முன்பணம் இல்லாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே முன்பணத்தையே குற்றம் சொல்வது எளிது, நியாயமல்ல. அது அந்த நாட்டின் கடன் ஏற்பாடு. வங்கி எட்டாத இடத்தில் வங்கி செய்த வேலையை அது செய்தது. கோளாறு, அந்தக் கடனை வசூலிக்கச் சிறையை நியமித்ததில் இருந்தது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு தனிச் சிறப்பு உண்டு. தென்காசி பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கோட்டையோ அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது, 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. சமவெளியில் முன்பணம் வாங்கியவர் கணவாய் ஏறினால் வேறொரு ராஜ்யத்தில் இருப்பார். தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர் சொந்த ஊர் சேர்ந்தால் மறுபடியும் வேறொரு ராஜ்யம். ஒரு பக்கத்து மாஜிஸ்திரேட்டின் வாரண்டு மறுபக்கத்தில் தானாகச் செல்லாது. கூலிகள் எல்லை தாண்டித் தப்புகிறார்கள் என்பது தோட்ட முதலாளிகளின் நெடுநாள் முறையீடு. சென்னை அரசு 1903இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாகவே வைத்துக்கொண்ட சட்டம் அது. ஒரு கடன்பாக்கிக்காக இரண்டு அரசுகளின் காவல்துறையும் ஒத்துழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு விபரீதமானது என்பதை அன்று பலர் யோசிக்கவில்லை. கூலியைக் கொடுக்காமல் இழுத்தடித்த முதலாளி மேல் தொழிலாளி வழக்குப் போட வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முதலாளியின் ஒப்பந்த மீறல் வெறும் பாக்கி. தொழிலாளியின் ஒப்பந்த மீறல் குற்றம். ஒரே தாளில் இரண்டு பேர் கைநாட்டும் கையெழுத்தும் இட்டார்கள், ஒருவருக்கு மட்டும் அது சிறைச்சீட்டாயிற்று.

வியப்பு என்னவென்றால், இதே காலத்தில் இதே சட்ட மன்றம் இதற்கு நேர்மாறான ஒரு கொள்கையையும் எழுதி வைத்தது. மெக்காலே தலைமையில் சட்ட ஆணையம் 1837இல் வரைந்த தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை வெறுமனே மீறுவது பொதுவாகக் குற்றமாகாது, அது சிவில் வழக்குக்கு உரியது என்பது ஆணையத்தின் தெளிவான நிலை. சில விதிவிலக்குகளை மட்டும் வைத்தார்கள். வழிப்பயணத்தில் பாதி தூரத்தில் பல்லக்கைப் போட்டுவிட்டு ஓடும் சுமப்பவர்கள் அவற்றில் ஒன்று. நடுக்காட்டில் விடப்பட்ட பயணிக்கு நேரும் ஆபத்தை நட்டஈடு கொடுத்துச் சரிசெய்ய முடியாது என்பது காரணம். ஏமாற்றுதலை வரையறுக்கும் 415ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கொடுத்தார்கள். அது முன்பணத்தைப் பற்றியதுதான். ஒருவர் அவுரிச் செடி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார். வாங்கும்போதே தருகிற எண்ணம் அவருக்கு இல்லையென்றால் அவர் ஏமாற்றுகிறார். வாங்கும்போது தருகிற எண்ணம் இருந்து, பின்னால் தராமல் போனால் அது ஏமாற்றுதல் ஆகாது. சிவில் வழக்குக்கு மட்டுமே அவர் பொறுப்பாளி. பணமும் சரக்கும் ஒன்றே, தவறிய வாக்கும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் பணம் கைமாறிய அந்த நேரத்து மனத்தில் இருக்கிறது. அந்தத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் இந்த அவுரி உதாரணம் அப்படியே இருக்கிறது. அவுரி வியாபாரம் மறைந்து தலைமுறைகள் ஆகியும் உதாரணத்தை மாற்றத் தோன்றாத அளவுக்கு அது சரியாக அமைந்திருக்கிறது.

ஆக, 1862க்குப் பிறகு முன்பணம் வாங்கித் தவறிய இரண்டு பேரை இந்தியச் சட்டம் இரண்டு விதமாக நடத்தியது. சரக்குத் தருவதாகச் சொன்ன வியாபாரி என்றால் அவர் எண்ணத்தை ஆராய்ந்தது. உழைப்பைத் தருவதாகச் சொன்ன கூலி என்றால் எண்ணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதெல்லாம் தொழிலாளர் சட்டத்தின் கதை, இன்றைய வியாபாரத் தகராறுகளோடு அதை ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஒப்பிட வேண்டும் என்பதே என் வாதம். வாக்குத் தவறியதை வைத்தே குற்றத்தை ஊகித்துக்கொள்வது நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிக நீண்ட சோதனை அதுதான். அது மோசடிக்காரர்களைப் பிடிக்கவில்லை. காய்ச்சலில் விழுந்தவரையும், துரை சொன்ன கூலி கிடைக்காததால் இறங்கி வந்தவரையும், பணத்தைச் சுருட்டியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. தண்டனையைக் காட்டி வேலை வாங்குவதுதான் அதன் பயனாக இருந்தது. இங்கிலாந்து தன் எசமான்–வேலையாள் சட்டங்களின் சிறைத் தண்டனையை 1875இலேயே கைவிட்டது. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்க் கூலியின் கடனை எழுதி அவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. இந்தியாவில் 1925இல் ரத்துச் சட்டம் வந்து, 1926 ஏப்ரல் 1 அன்று 1859ஆம் ஆண்டுச் சட்டம் செத்தது. பல்லக்குச் சுமப்பவர் பற்றிய பிரிவும் அதோடு போயிற்று. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது நிலைமை முற்றிலும் தலைகீழாயிற்று. ஆளைக் கட்டிவைக்க முன்பணம் கொடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றாயிற்று.

இன்றைய தென்காசிக்கு வருவோம். 2019 நவம்பரில் தனி மாவட்டமான இந்த நிலம் இன்னும் முன்பணத்தில்தான் ஓடுகிறது. பூப்பூக்கும் முன்பே மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுகிறார்கள். பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறியில் பெரும்பங்கு கேரளத்துக்குக் கடனில் போகிறது. குற்றால சீசனுக்குக் கடைகளையும் விடுதிகளையும் முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். புனலூர் வியாபாரி ஒருவர் வடகரைப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு ஐந்து லட்சம் முன்பணம் கொடுக்கிறார். காற்றில் பூ கொட்டிப்போய்க் காய் பிடிக்கவில்லை. தோப்புக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, போனை எடுக்கவில்லை. வியாபாரிக்கு நட்டம் உண்மை, கோபம் நியாயம், குற்றம் இல்லை. இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுவோம். அந்தத் தோப்பை அதே பருவத்துக்கு முந்தின வாரமே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்று வைப்போம். அல்லது தோப்பே அவருடையது அல்ல, பத்திரம் போலி என்று வைப்போம். இங்கே நட்டம் அதே ஐந்து லட்சம்தான். ஆனால் பணம் வாங்கிய நாளிலேயே பொய் இருந்தது. ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், பின்னால் வாக்குத் தவறியதை மட்டும் வைத்து அந்த எண்ணம் முன்பே இருந்தது என்று முடிவு கட்டக்கூடாது. முதல் தவணைகளை ஒழுங்காகக் கட்டியவர், நட்டத்தை உடனே தெரிவித்தவர், கணக்கைக் காட்டியவர் ஆகியோரின் நடத்தை எண்ணம் நேர்மையானது என்று பேசும். ஒரே சரக்கைப் பலருக்கு விற்றவர், இல்லாத உரிமத்தைக் காட்டியவர், வாங்கிய அன்றே பணத்தை வேறு கணக்குக்குக் கடத்தியவர் ஆகியோரின் நடத்தை வேறு பேசும்.

மனத்துக்குள் இருப்பதை விசாரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்குத்தானே புலனாய்வு என்று மறுப்பு வரும். வலுவான மறுப்பு. எண்ணத்தை முழுவதும் நிரூபித்துவிட்டுத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றால் எந்த மோசடியும் வெளிவராது. ஆனால் கேட்கப்படுவது நிரூபணம் அல்ல. புகாரில் சொன்னதையெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பணம் வாங்கிய நேரத்துப் பொய் ஒன்று அதில் சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்றது. அதே தீர்ப்பு வணிகக் குற்றங்களுக்கு முன்விசாரணையை அனுமதித்தது. அந்த முன்விசாரணையும் புகார் உண்மையா என்று பார்ப்பதற்கல்ல, அதில் குற்றம் தென்படுகிறதா என்று பார்ப்பதற்கு. 1859ஆம் ஆண்டு மாஜிஸ்திரேட்டிடம் இல்லாமல் போன கேள்வி இதுவே.

இந்த விஷயத்தில் எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டும் வழக்கு தமிழ்நாட்டில் பிறந்தது. என்இபிசி நிறுவனத்தின் விமானங்களுக்கு இந்தியன் ஆயில் எரிபொருள் கொடுத்தது. பாக்கி ஏறியபோது விமானங்களை ஈடாக எழுதி வாங்கியது. பிறகு அந்த விமானங்களிலிருந்து இன்ஜின்களும் பாகங்களும் கழற்றப்பட்டன என்று கோயம்புத்தூரிலும் ஆலந்தூரிலும் மாஜிஸ்திரேட்டுகளிடம் புகார் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் புகார்களில் எந்தக் குற்றமும் தென்படவில்லை என்று சொல்லி அவற்றைத் தள்ளியது. 2006 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரவீந்திரன், சிவில் தகராறுகளைக் கிரிமினல் வழக்காக்கும் போக்கு வியாபார உலகில் வளர்வதைக் கண்டித்தார். அந்தக் கண்டனம் ஆயிரம் மனுக்களில் எடுத்தாளப்படுகிறது. தீர்ப்பின் முடிவு என்ன என்பதை அதே மனுக்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஈடு வைத்த விமானம் கடன்காரரின் சொத்துதான், அது அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள் அல்ல. ஆகவே நம்பிக்கை மோசடி இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் ஏமாற்றுதல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல் ஆகியவற்றுக்குப் புகாரில் அடிப்படை இருக்கிறது என்று வழக்கைத் தொடர அனுமதித்தது. சிவில் வழக்குப் போட வழியிருக்கிறது என்பது கிரிமினல் வழக்குக்குத் தடையல்ல, அது கிரிமினல் வழக்குக்குக் காரணமும் அல்ல. குற்றத்தின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்ப்பதே வேலை. 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒருபடி போய், ஏமாற்றுதலையும் நம்பிக்கை மோசடியையும் ஒரே நிகழ்வுக்குச் சேர்த்துப் போடும் பழக்கத்தைக் கடிந்தது. முன்னதில் எண்ணம் தொடக்கத்திலேயே கெட்டது. பின்னதில் பொருள் நேர்மையாகக் கைக்கு வந்து, பிறகு எண்ணம் கெடுகிறது. இரண்டையும் சேர்த்து எழுதும் புகார், எது நடந்தது என்று யோசிக்காமல் எழுதியது.

மிகக் கடினமான மறுப்பு வேறு. சிவில் கோர்ட்டில் பத்து, இருபது ஆண்டுகள் ஓடும், தீர்ப்பை நிறைவேற்ற இன்னும் ஐந்து. சிறு வியாபாரிக்கு போலீஸ் பயம் ஒன்றுதான் பணத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது என்பார்கள். தாமதம் பற்றிய குற்றச்சாட்டு முழு உண்மை. அந்த ஆதங்கத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. குற்றவியல் சட்டம் தேவைப்பட்ட இடங்களும் உண்டு. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் வங்கி சரிந்து, ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில் தருமங்கள் என்று பலரின் சேமிப்பு போனபோது, சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக்காக விசாரிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். கடை நொடித்தது குற்றமாகவில்லை, ஏமாற்றியது குற்றமாயிற்று. 1990களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது தமிழ்நாடு 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, வைப்புத்தொகையைத் திருப்பித் தரத் தவறுவதையே பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. காசோலை திரும்பினால் சிறை என்பது 1989 முதல் இருக்கிறது, இன்று அது இரண்டாண்டு வரை. இந்தச் சட்டங்கள் இரண்டிலும் பொதுவானது ஒன்று: சிவிலையும் கிரிமினலையும் பிரிக்கும் கோட்டை எங்கே நகர்த்துவது என்று சட்டமன்றம் வெளிப்படையாக விவாதித்து, எந்த வகைப் பரிவர்த்தனைக்கு, எந்த நோட்டீசுக்குப் பிறகு, எந்த நீதிமன்றத்தில் என்று வரம்பு கட்டியது. ஆயிரக்கணக்கானோரிடம் வைப்பு வாங்கும் நிறுவனமும் தோப்புக் குத்தகை பேசிய இரண்டு பேரும் ஒன்றல்ல. காவல் நிலையத்தில் ஒரு ஆய்வாளர் தன் மேசையிலேயே அந்தக் கோட்டை நகர்த்துவது இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. சிவில் கடனுக்கே கைது கேட்ட ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980இல் நீதிபதி கிருஷ்ண அய்யர், கொடுக்க இயலாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சாசனத்துக்கு முரண், வசதி இருந்தும் தீய எண்ணத்தோடு மறுப்பவரே அதற்கு உரியவர் என்று வரையறுத்தார். சிவில் சிறைக்கே எண்ணம் தேவை என்றால் எஃப்ஐஆருக்கு அது தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

போலீஸ் பயம் பணத்தைக் கொண்டுவருகிறது என்ற வாதத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பயம் யாருக்கு வேலை செய்கிறது? நிலையத்தில் மனு ரசீது போட்டு, எதிராளியை வரவழைத்து, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று உட்கார வைக்கும் வழக்கத்தில் வெல்பவர் நியாயம் உள்ளவர் அல்ல, நிலையத்தில் செல்வாக்கு உள்ளவர். பெருமுதலாளி சிறு சப்ளையர் மேல் புகார் கொடுப்பது எளிது, சப்ளையர் பெருமுதலாளி மேல் கொடுப்பது கடினம். கணவாயின் இருபுறமும் நூறாண்டுகளுக்கு முன் நடந்த ஒருதலைப்பட்சம் இப்படித்தான் திரும்பி வருகிறது. 2025 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பணத் தகராறுகள் நாள்தோறும் கிரிமினல் வழக்காவதைக் கண்ட தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னாவின் அமர்வு, சட்டத்தின் ஆட்சியே அங்கு உடைந்துவிட்டது என்று சாடியது. நோய் உத்தரப் பிரதேசத்தோடு நிற்கவில்லை.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதற்குப் பாதி மருந்து வைத்திருக்கிறது. போலீஸ் பதிவு செய்யாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆனால் 175ஆம் பிரிவின்படி பிரமாணப் பத்திரம் வேண்டும், மாஜிஸ்திரேட் போலீஸ் அதிகாரி சொல்வதையும் கேட்ட பிறகே விசாரணைக்கு உத்தரவிட முடியும். பொய்ப் பிரமாணத்துக்குத் தண்டனை உண்டு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு புகார் எழுதுவது குறையும். 173ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, டிஎஸ்பி அனுமதியோடு பதினான்கு நாளில் முன்விசாரணை நடத்த வழி செய்கிறது. ஆனால் அது மூன்றாண்டும் அதற்கு மேலும், ஏழாண்டுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். ஐந்தாண்டு வரை தண்டனையுள்ள நம்பிக்கை மோசடி அதற்குள் வருகிறது. ஏமாற்றுதலுக்கான பழைய 420ஆம் பிரிவின் இடத்தில் உள்ள நியாய சன்ஹிதா 318(4)க்கோ தண்டனை ஏழாண்டு வரை. ஆகவே வியாபாரிகள் ஒருவர்மேல் ஒருவர் அதிகம் போடும் குற்றச்சாட்டு இந்த வடிகட்டிக்கு வெளியே நின்றுவிட்டது. அதற்கு லலிதா குமாரி தீர்ப்பின் அனுமதியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஏழாண்டுக்குக் குறைவான என்று இருப்பதை ஏழாண்டு வரை என்று திருத்தினால் 318(4) உள்ளே வந்துவிடும். அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் செய்யும் வரை, தென்காசியில் வரும் ஒவ்வொரு முன்பணப் புகாரிலும் பணம் கைமாறிய தேதியையும், அன்று சொல்லப்பட்ட பொய்யையும் தனியே குறிப்பிடும்படி மாவட்டக் குற்றப்பிரிவே கேட்டு வாங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.